டெஸ்ட் ஓடுது, கவரேஜ் மட்டும் ஒத்துவரல: அறிகுறிய வச்சு பிழையப் பிடிக்கிற வழி

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு ஓடல, நான் ஒண்ணுமே மாத்தல." டெஸ்ட் விஷயத்துல இத சொல்லாதவங்களே கிடையாது, நானும் சொல்லிருக்கேன். அதனால யார் எத மாத்தினாங்கன்னு தோண்டாம, என்ன அறிகுறி தெரியுதோ அதுலேர்ந்து பின்னாடி போற மாதிரி எழுதிருக்கேன். கவரேஜ்னா டெஸ்ட் ஓடும்போது உங்க கோட்ல எவ்ளோ பகுதி ஓடுச்சுங்கற கணக்கு. ஜெஸ்ட், வைடெஸ்ட், மோக்கா இதெல்லாம் ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு டெஸ்ட் ஓட்டற கருவிங்க, பைடெஸ்ட் பைத்தானுக்கு, பிஎச்பியூனிட் பிஎச்பிக்கு. உங்க பிரச்சனை எந்த தலைப்புக்குக் கீழ வருதோ நேரா அங்க போயிடுங்க. கமாண்ட், செட்டிங் பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே போட்டிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல போட்டுக்கோங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. டெர்மினல்ல கடைசியா நிக்கற எரர படிக்காதீங்க, மேல ஏறிப் போய் முதல்ல விழுந்த எரர படிங்க. கீழ இருக்கற நாப்பதும் பெரும்பாலும் அது போட்ட குட்டிதான்.

டெஸ்டே கிடைக்கலைன்னு சொல்லுது

ஃபைல் பேர பாருங்க. ஜெஸ்ட் ரெண்டு விஷயத்ததான் தேடும்: ஃபைல் பேர்ல புள்ளி வச்சு டெஸ்ட் இல்ல ஸ்பெக்னு இருக்கணும், இல்லைன்னா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கணும். புள்ளி விட்டுப் போச்சுன்னா அவ்ளோதான், எட்டிக்கூட பார்க்காது. அண்டர்ஸ்கோர் இல்லாம வெறும் டெஸ்ட்ஸ்னு ஃபோல்டர் வச்சாலும் இதே கதை, உள்ள இருக்கற ஃபைலுக்கு புள்ளி டெஸ்ட் இருந்தாதான் எடுக்கும்.

ஜெஸ்ட்லேர்ந்து வைடெஸ்ட்டுக்கு மாறினவங்க இங்க ஏமாறுவாங்க. வைடெஸ்ட் அந்த அண்டர்ஸ்கோர் ஃபோல்டர கண்டுக்காது, ஃபைல் பேர மட்டும்தான் பார்க்கும். அதனால மாறின அன்னைக்கு எல்லாம் பச்சையா பாஸ் ஆகும், சந்தோஷமா மெர்ஜ் பண்ணிடுவீங்க, ஆனா பாதி டெஸ்ட் ஓடவே இல்ல. மாறறதுக்கு முன்னாடி எத்தனை டெஸ்ட், மாறின பிறகு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. ஜெஸ்ட்ல லிஸ்ட்டெஸ்ட்ஸ் ஃப்ளாக், வைடெஸ்ட்ல லிஸ்ட் கமாண்ட், பைடெஸ்ட்ல கலெக்ட் ஒன்லி ஃப்ளாக், எல்லாத்துலயும் ஓட்டாமலே பட்டியல் மட்டும் எடுக்க வழி இருக்கு, ஜெஸ்ட்டோடது மட்டும் டெஸ்ட் பட்டியல் இல்ல, ஃபைல் பட்டியல்.

பைடெஸ்ட்ல ஃபைல் பேர் டெஸ்ட் அண்டர்ஸ்கோர்னு ஆரம்பிக்கணும், இல்ல அண்டர்ஸ்கோர் டெஸ்ட்னு முடியணும். டெஸ்ட் கிளாஸ்க்குள்ள யாராவது இனிட் மெத்தட் எழுதிருந்தா அந்த கிளாஸயே விட்டுடும், ஒரு வார்னிங் மட்டும் போடும், அத யார் படிக்கறா. ஒரு டெஸ்ட்கூட கிடைக்கலைன்னா பைடெஸ்ட் 5ங்கிற எக்ஸிட் கோடோட முடியும், ஜெஸ்ட்டும் ஃபெயில்தான் ஆகும். அது தொல்லையா இருக்குன்னு பாஸ்வித்நோடெஸ்ட்ஸ்னு ஒரு ஃப்ளாக் சிஐல (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்ட தானா ஓட்டற மெஷின்) சேர்த்து வைப்பாங்க பாருங்க, அத முதல்ல தூக்குங்க.

டாக்குமெண்ட் டிஃபைன் ஆகலைன்னு வருது

இது பழைய ப்ராஜெக்ட்ட அப்கிரேட் பண்ணும்போது வர்றது. ஜெஸ்ட் 27ல டீஃபால்ட் சூழல் ஜேஎஸ்டாம்லேர்ந்து (பிரவுசர் மாதிரி நடிக்கிற லைப்ரரி) நோடுக்கு (பிரவுசர் இல்லாம ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டறது) மாறிச்சு, 28ல ஜேஎஸ்டாம் பேக்கேஜையே கூட தர்றத நிறுத்திட்டாங்க. அதனால ஜெஸ்ட் என்விரான்மெண்ட் ஜேஎஸ்டாம்ங்கிற பேக்கேஜ தனியா போட்டு, கான்ஃபிக்ல டெஸ்ட் என்விரான்மெண்ட்ல அதக் குறிப்பிடணும். சர்வர் கோடும் ஸ்க்ரீன் கோடும் ஒரே ரிப்போல இருந்தா மொத்தத்துக்கும் ஜேஎஸ்டாம் போடாதீங்க, ஸ்லோ ஆகும், தேவைப்படற ஃபைலோட தலையில கமெண்ட்டா சூழல எழுதினாலே போதும்.

ஜேஎஸ்டாம் நிஜ பிரவுசர் இல்லைங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க. லேஅவுட் கணக்கே அதுக்கு கிடையாது, ஒரு எலிமெண்ட்டோட அகலம் உயரம் கேட்டா 0ன்னுதான் சொல்லும். மேட்ச்மீடியா இல்ல, இன்டர்செக்ஷன் அப்சர்வர் இல்ல. இதெல்லாம் மாக் பண்ணியே (போலியா ஒண்ண செஞ்சு வச்சே) ஆகணும்னா அந்த டெஸ்ட்ட நிஜ பிரவுசர்ல ஓட்டறதே மேல்னு நான் நினைக்கறேன், மாக்க டெஸ்ட் பண்ணி என்ன ஆகப் போகுது.

இதுக்குப் பக்கத்து வீட்டுப் பிரச்சனை ஒண்ணு: வைடெஸ்ட்ல ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி போட்டிருக்கீங்க, முதல் டெஸ்ட் பாஸ், ரெண்டாவது டெஸ்ட்ல "இதே மாதிரி எலிமெண்ட் நிறைய இருக்கு"ன்னு எரர். காரணம், அந்த லைப்ரரி ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு அப்புறமும் ஸ்க்ரீன தானா துடைக்கணும்னா ஆஃப்டர்ஈச் குளோபலா இருக்கணும், வைடெஸ்ட்ல குளோபல்ஸ் டீஃபால்ட்டா ஆஃப். ஒண்ணு குளோபல்ஸ ஆன் பண்ணுங்க, இல்ல செட்டப் ஃபைல்ல ஆஃப்டர்ஈச்சுக்குள்ள கிளீனப்ப நீங்களே கூப்பிடுங்க.

இம்போர்ட் வரியிலயே சிண்டாக்ஸ் எரர்

எரர்ல எந்த ஃபைலோட பாத் வந்திருக்குன்னு மட்டும் பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது. பாத் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ள (இன்ஸ்டால் பண்ண பேக்கேஜ் எல்லாம் இருக்கற இடம்) இருந்தா, அந்த பேக்கேஜ் புது மாட்யூல் முறையில மட்டும் வெளியாகுதுன்னு அர்த்தம். ஜெஸ்ட் நோட் மாட்யூல்ஸ்க்குள்ள இருக்கற எதையும் டீஃபால்ட்டா மொழிமாத்தாது. ட்ரான்ஸ்ஃபார்ம் இக்னோர் பேட்டர்ன்ஸ்ல அந்த பேக்கேஜுக்கு மட்டும் விலக்கு குடுங்க. என்பிஎம்முக்குப் பதிலா பிஎன்பிஎம்ல பேக்கேஜ் இன்ஸ்டால் பண்றீங்கன்னா ஃபோல்டர் அமைப்பே வேற, பாத்துக்குள்ள புள்ளி பிஎன்பிஎம்னு ஒரு அடுக்கு கூட வரும், இணையத்துல கிடைக்கிற பேட்டர்ன அப்படியே ஒட்டினா பொருந்தாது. விலக்கு குடுத்தும் அதே எரர்னா பேபலோட (கோட மொழிமாத்தற கருவி) கான்ஃபிக் எந்த ஃபைல்ல இருக்குன்னு பாருங்க, புள்ளி பேபல்ஆர்சில எழுதினது நோட் மாட்யூல்ஸ்க்குள்ள எட்டாது, பேபல் கான்ஃபிக்னு தனி ஃபைலா இருந்தாதான் எட்டும். இந்த ஒரு வரிக்கு நான் ஒரு முழு மதியத்த குடுத்திருக்கேன்.

உங்க சொந்த ஃபைல்ல "மாட்யூல் கிடைக்கல"ன்னு வந்தா, அட் குறி ஸ்லாஷ் போட்டு இம்போர்ட் பண்ற பழக்கம் இருக்கான்னு பாருங்க. டைப்ஸ்க்ரிப்ட் கான்ஃபிக்ல எழுதின பாத்ஸ் ஜெஸ்ட்டுக்குத் தெரியாது, மாட்யூல் நேம் மேப்பர்ல திரும்ப எழுதணும். சிஎஸ்எஸ், படம் எல்லாத்துக்கும் இதே மேப்பர்தான்.

என் மெஷின்ல பாஸ், சிஐல ஃபெயில்

முதல் சந்தேகம் எழுத்து அளவு. விண்டோஸ், மேக் ரெண்டுலயும் ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்த சாதாரணமா கண்டுக்க மாட்டாங்க, லினக்ஸ் கண்டுக்கும், சிஐ பெரும்பாலும் லினக்ஸ். நீங்க பட்டன் ஃபைல பெரிய பி போட்டு இம்போர்ட் பண்ணி, டிஸ்க்ல சின்ன பி இருந்தா உங்க கிட்ட ஓடும், அங்க விழும். இதுல இன்னொரு வேடிக்கை, பேர மாத்தி கமிட் பண்ணாலும் கிட் அத மாற்றமாவே எடுத்துக்காம இருக்கலாம், கிட் எம்வி கமாண்ட்லயே பேர மாத்தினா கச்சிதமா பதியும்.

ரெண்டாவது நேர மண்டலம். சிஐ மெஷின் வழக்கமா யுடிசில ஓடும், நீங்க உங்க ஊர் நேரத்துல. ஜாவாஸ்க்ரிப்ட்ல தேதிய மட்டும் குடுத்து டேட் உருவாக்கினா யுடிசின்னு எடுத்துக்கும், அதே தேதியோட மணியும் சேர்த்து, மண்டலம் குறிக்காம குடுத்தா லோக்கல் நேரம்னு எடுத்துக்கும். இந்த ஒரு முரண்ல எத்தனை டெஸ்ட் விழுந்திருக்குன்னு கணக்கே இல்ல, அதுலயும் யுடிசிக்கு மேற்க இருக்கறவங்களுக்கு தேதி ஒரு நாள் பின்னாடி போய் நிக்கும். டீஇசட் என்விரான்மெண்ட் வேரியபிள யுடிசின்னு வச்சு லோக்கல்ல ஓட்டிப் பாருங்க, உடைஞ்சா காரணம் இதுதான். நிரந்தரமா வைக்கணும்னா டெஸ்ட் ஃபைலுக்குள்ள வைக்காதீங்க, அதுக்குள்ள நேரம் கடந்திருக்கும், ஸ்க்ரிப்ட் வரியிலயோ குளோபல் செட்டப்லயோ வைங்க. அதே சமயம் யுடிசில நிறுத்திட்டா நிஜ பக் ஒண்ணு மறைஞ்சுக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால சிஐல வேற ஒரு மண்டலத்துல இன்னொரு தடவை ஓட்டறது கெட்ட யோசனை இல்ல.

மூணாவது, பேக்கேஜ் பதிப்பு. சிஐல என்பிஎம் இன்ஸ்டால்னு இருந்தா என்பிஎம் சிஐன்னு மாத்துங்க, லாக் ஃபைல்ல இருக்கறத மட்டும் போடும், லாக் ஃபைலும் பேக்கேஜ் ஃபைலும் ஒத்துப்போகலைன்னா முகத்துக்கு நேரா எரர் குடுக்கும். நோட் பதிப்பும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணான்னு பாருங்க. அப்புறம் உங்க மெஷின்ல மட்டும் இருக்கற புள்ளி என்வ் ஃபைல், அது கிட்ல இருக்காது, இருக்கவும் கூடாது.

ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்

அந்த டெஸ்ட்ட மட்டும் தனியா ஓட்டுங்க. தனியா ஓட்டினா எப்பவும் பாஸ், கூட்டத்தோட ஓட்டினா ஃபெயில்னா வேற ஏதோ டெஸ்ட் குப்பை போட்டுட்டுப் போகுது. தனியாவும் தடுமாறுதுன்னா பிரச்சனை நேரத்துல இருக்கு. இந்த ரெண்டயும் பிரிக்காம மண்டைய உடைக்காதீங்க.

குப்பை கேஸ்ல வரிசைய கலைச்சுப் பாருங்க. ஜெஸ்ட்ல ராண்டமைஸ் ஃப்ளாக் இருக்கு, சீட் எண்ணயும் காட்டும், அதே எண்ண குடுத்தா அதே வரிசைய திரும்ப ஓட்டலாம். பைடெஸ்ட்டுக்கு பைடெஸ்ட் ராண்டம்லின்னு ப்ளகின், பிஎச்பியூனிட்ல ஆர்டர் பை ராண்டம். குப்பை எங்கன்னா, வழக்கமா மாக்லதான். கிளியர் மாக்ஸ் கூப்பிட்ட கணக்க மட்டும் அழிக்கும், நீங்க மாத்தி வச்ச நடத்தை அப்படியே இருக்கும். ரீசெட் நடத்தையையும் எடுத்துடும். ரீஸ்டோர்தான் ஸ்பை (அசல் ஃபங்ஷன் மேல போடற மாக்) போட்ட இடத்துல அசல் ஃபங்ஷன திரும்ப கொண்டு வைக்கும். இந்த மூணையும் ஒண்ணுன்னு நினைச்சு கிளியர மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்கறவங்க நிறைய. ரீஸ்டோர்மாக்ஸ கான்ஃபிக்லயே ஆன் பண்ணி வச்சிடறது என் வழக்கம். அடுத்தது டேட்டாபேஸ், பேரலலா ஓடற ரெண்டு வொர்க்கர் (டெஸ்ட் ஓட்டற தனித்தனி ப்ராசஸ்) ஒரே டேபிள்ல எழுதினா சண்டைதான், ஜெஸ்ட் ஒவ்வொரு வொர்க்கருக்கும் 1லேர்ந்து ஒரு ஐடி குடுக்கும், அத டேட்டாபேஸ் பேரோட ஒட்டிக்கிட்டா ஆளுக்கொரு டேட்டாபேஸ்.

நேரம் கேஸ்ல ஸ்லீப் தேடுங்க. 500 மில்லிசெகண்ட் தூங்குன்னு எழுதின டெஸ்ட் வேகமான மெஷின்ல சும்மா காத்திருக்கும், ஸ்லோவான மெஷின்ல பத்தாம விழும், ரெண்டு பக்கமும் நஷ்டம். நேரத்துக்கு காத்திருக்காதீங்க, நிகழ்வுக்கு காத்திருங்க. டெஸ்டிங் லைப்ரரில ஃபைண்ட்பை வகை தேடல் 1,000 மில்லிசெகண்ட் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கும். ஜெஸ்ட், வைடெஸ்ட் ரெண்டும் ஒரு டெஸ்ட்டுக்கு 5 செகண்ட் தரும், மோக்கா 2 செகண்ட்தான். டைம்அவுட் அடிச்சா உடனே எண்ண கூட்டாதீங்க, எந்த ப்ராமிஸ் முடியாம தொங்குதுன்னு பாருங்க. ஃபேக் டைமர் போட்டுட்டு நிஜ நெட்வொர்க் பதிலுக்கு காத்திருந்தா கடிகாரமே நின்னு போயிருக்கும், விடிய விடிய காத்திருந்தாலும் வராது.

ரீட்ரை போட்டு மூடறது பத்தி கேட்டீங்கன்னா, ஓட்டை வாளிக்கு அடியில இன்னொரு வாளி வைக்கற கதைதான், ஆனா ரிலீஸ் அன்னைக்கு நானும் வச்சிருக்கேன்.

எல்லாம் பாஸ், ஆனா ஜெஸ்ட் முடிய மாட்டேங்குது

முடிச்ச பிறகும் 1 செகண்ட்ல வெளியேறலைன்னு ஒரு மெசேஜ் வரும். ஏதோ ஒண்ண திறந்து வச்சுட்டு மூடல: டேட்டாபேஸ் கனெக்ஷன், லிசன் பண்ற சர்வர், செட் இன்டர்வல். டிடெக்ட் ஓபன் ஹேண்டில்ஸ் ஃப்ளாக்கோட ஓட்டினா பல நேரம் வரி எண்ணோட காட்டிக்குடுக்கும், ஸ்லோவா இருக்கும்ங்கறதால தேடும்போது மட்டும் போடுங்க. எக்ஸ்பிரஸ் ஆப்ப டெஸ்ட் பண்றவங்க ஆப் ஃபைல்லயே லிசன் எழுதிருந்தா அத வேற ஃபைலுக்கு எடுத்துட்டு ஆப்ப மட்டும் சூப்பர்டெஸ்ட் கிட்ட குடுங்க, மூட வேண்டிய வேலையே இருக்காது. ஃபோர்ஸ் எக்ஸிட் போட்டா முடியும்தான், வலி மாத்திரை மாதிரி.

வைடெஸ்ட்ல முடியலைன்னா அது பழுதே இல்லாம இருக்கலாம், டெர்மினல்ல அது டீஃபால்ட்டாவே வாட்ச் மோட்ல உக்காந்திருக்கும். வைடெஸ்ட் ரன்னுன்னு கூப்பிடுங்க.

கவரேஜ் 0, இல்லைன்னா ரிப்போர்ட்டே காலி

ஒவ்வொரு மொழிக்கும் காரணம் வேற, ஆனா அடியில இருக்கற கேள்வி ஒண்ணுதான்: ஓடின கோட எண்ணிக்கிட்டு யாராவது உக்காந்திருந்தாங்களா?

பிஎச்பில கவரேஜ் டிரைவர் இல்லைன்னு வார்னிங் வந்தா எக்ஸ்டீபக் இல்ல பிகோவ், ரெண்டுல ஒண்ணு வேணும். எக்ஸ்டீபக் இருந்தும் வருதுன்னா பதிப்பு 3லேர்ந்து மோட்னு ஒண்ணு வந்திருக்கு, எக்ஸ்டீபக் மோட் வேரியபிள்ல கவரேஜ்னு வைக்கலைன்னா கம்முனு இருக்கும். வெப் சர்வர் படிக்கற பிஎச்பி ஐஎன்ஐ ஒண்ணு, டெர்மினல் பிஎச்பி படிக்கறது வேற ஒண்ணு, இதுவும் அடிக்கடி நடக்கும், பிஎச்பி ஐஎன்ஐ ஃப்ளாக் போட்டா எத படிக்குதுன்னு சொல்லிடும். லைன் கவரேஜ் மட்டும் போதும்னா பிகோவ் வேகம், பிராஞ்ச் (இஃப், எல்ஸ் மாதிரி கிளைகள்) வேணும்னா எக்ஸ்டீபக்தான் வழி. பிஎச்பியூனிட் 10.1ல எந்த ஃபோல்டர எண்ணணும்ங்கறத சோர்ஸ்ங்கிற பகுதிக்கு மாத்திட்டாங்க, பழைய எக்ஸ்எம்எல்ல இருக்கற ஃபில்டர் வைட்லிஸ்ட் எடுபடாது, மைக்ரேட் கான்ஃபிகரேஷன் ஃப்ளாக் போட்டா தானே மாத்திக் குடுக்கும்.

பைத்தான்ல "டேட்டா எதுவும் சேரல", "மாட்யூல் இம்போர்ட்டே ஆகல" வகை வார்னிங் வந்தா, நீங்க எண்ணச் சொன்ன ஃபோல்டர் ஒண்ணு, டெஸ்ட் இம்போர்ட் பண்ற காப்பி இன்னொண்ணு. பேக்கேஜ எடிட்டபிளா போடாம சாதாரணமா இன்ஸ்டால் பண்ணிருந்தா சைட் பேக்கேஜஸ்ல இருக்கற காப்பிதான் ஓடும், உங்க சோர்ஸ் ஃபோல்டர் சும்மா கிடக்கும். இன்னொரு விசித்திரம்: ஃபங்ஷன் உள்ள எல்லாம் பச்சை, ஆனா இம்போர்ட் வரியும் டெஃப் வரியும் சிவப்பு. டெஃப் வரியே ஓடாம உள்ள எப்படி ஓடும்? கவரேஜ் எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த ஃபைல் இம்போர்ட் ஆயிடுச்சு, ஏதோ ப்ளகின் முந்திக்கிட்டு இழுத்திருக்கும், ஜாங்கோல இது சகஜம். பைடெஸ்ட்ட நேரா கூப்பிடாம கவரேஜ் ரன் மூலமா கூப்பிட்டா சரியாகும். ஜிஈவென்ட் (பல வேலைய ஒரே நேரத்துல ஓட்டற பைத்தான் லைப்ரரி) யூஸ் பண்றீங்கன்னா கான்கரன்சி செட்டிங்ல அத சொல்லியாகணும்.

வைடெஸ்ட்ல கவரேஜ் பேக்கேஜ் தனி, எண்ணற கருவி (ப்ரொவைடர்) வி8, இஸ்தான்புல்னு ரெண்டு இருக்கு, ஒண்ண எடுத்து வைடெஸ்ட் எந்த பதிப்போ அதே பதிப்புல போடுங்க.

சைப்ரஸ்ல (பிரவுசர ஓட்டி டெஸ்ட் பண்ற கருவி) டெஸ்ட் அழகா கிளிக் பண்ணிட்டுப் போகுது, கவரேஜ் காலி. பிரவுசர் கன்சோல்ல விண்டோவுக்குக் கீழ கவரேஜ் ஆப்ஜெக்ட் இருக்கான்னு பாருங்க, பேருக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு ரெண்டு அண்டர்ஸ்கோர். இல்லைன்னா பில்ட் பண்ணும்போது எண்ணுற கோட உள்ள செருகவே இல்ல, பேபல் இஸ்தான்புல் ப்ளகின அந்த பில்ட்ல சேருங்க, ப்ரொடக்‌ஷன் பில்ட்ல மட்டும் வேண்டாம். அதே மாதிரி இன்னொரு கருவி ப்ளேரைட், அதுல கவரேஜ் எடுக்கற ஏபிஐ குரோமியம்ல மட்டும்தான் ஓடும், ஃபயர்ஃபாக்ஸ்ல கேட்டு காத்திருக்காதீங்க.

கவரேஜ் நம்ப முடியாத அளவுக்கு நல்லா இருக்கு

0 வந்தா எல்லாரும் பதறுவாங்க, 94 வந்தா யாரும் பதற மாட்டாங்க. நான் பதறுவேன்.

சதவீதம்னா மேல ஒரு எண், கீழ ஒரு எண். எல்லாரும் மேல இருக்கறதயே பார்க்கறாங்க, கீழ என்ன எண்ணப்பட்டுச்சுன்னு யாரும் கேட்கறதில்ல. ஜெஸ்ட் டீஃபால்ட்டா டெஸ்ட் ஓடும்போது லோட் ஆன ஃபைல மட்டும்தான் கணக்குல சேர்க்கும். ப்ராஜெக்ட்ல 10 ஃபைல், ஒவ்வொண்ணும் 100 வரி, 3 ஃபைலுக்கு மட்டும் டெஸ்ட், அதுல 270 வரி ஓடுச்சுன்னா ரிப்போர்ட் 90 சதவீதம்னு சொல்லும். மீதி 7 ஃபைலயும் சேர்த்தா 1,000க்கு 270, அதாவது 27. கலெக்ட் கவரேஜ் ஃப்ரம் செட்டிங்ல சோர்ஸ் ஃபோல்டர் முழுசையும் குடுங்க, டெஸ்ட் ஃபைல், டைப் டெஃபனிஷன், தானா உருவாகற கோட் இதுகள மட்டும் கழிச்சிடுங்க. வைடெஸ்ட்ல இது பதிப்புக்கு பதிப்பு மாறிருக்கு, அதனால கவரேஜுக்குள்ள இன்க்ளூட எப்பவும் கையால எழுதிடறது நல்லது. பைத்தான்ல சோர்ஸ்னு ஃபோல்டர சொல்லிட்டா தொடாத ஃபைலும் 0ன்னு பட்டியல்ல வரும்.

எண் ஒரே நாள்ல சரிஞ்சதப் பார்த்து டீம்ல முகம் சுளிப்பாங்க, முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க. கோட் மோசமாகல, கண்ணாடிய துடைச்சிருக்கோம், அவ்ளோதான்.

லைன் 100, பிராஞ்ச் மட்டும் 60

எச்டிஎம்எல் ரிப்போர்ட்ட திறங்க, டெர்மினல் டேபிள வச்சு இத தீர்க்க முடியாது. இஸ்தான்புல் ரிப்போர்ட்ல இடது ஓரத்துல ஒவ்வொரு வரியும் எத்தனை தடவை ஓடுச்சுன்னு இருக்கும், மஞ்சளா இருந்தா அந்தக் கிளை போகல, கறுப்புக் கட்டத்துல ஐன்னு இருந்தா இஃப் பக்கம் போகல, ஈன்னு இருந்தா எல்ஸ் பக்கம் போகல. எல்ஸே எழுதலையேன்னு கேக்காதீங்க, எழுதாத எல்ஸும் கிளைதான். டீஃபால்ட் ஆர்கியுமெண்ட், அல்லது குறி, டெர்னரி எல்லாமே கிளையா எண்ணப்படும்.

எழுதவே எழுதாத கிளைகளும் சில நேரம் முளைக்கும். கேள்விக்குறி புள்ளி போட்டு எழுதற ஆப்ஷனல் செயினிங் மொழிக்குள்ள வந்தது 2020 பதிப்புல, உங்க டைப்ஸ்க்ரிப்ட் டார்கெட் அதுக்கும் பழசா இருந்தா கம்பைலர் அத டெர்னரியா விரிச்சு எழுதும், எண்ணுறவன் விரிச்சதத்தான் பார்க்கறான். டெஸ்ட்டுக்கான டார்கெட்ட உயர்த்தினாலே பாதி மஞ்சள் காணாமப் போகும். பச்சை சிவப்பு எல்லாம் ஒரு வரி ரெண்டு வரி தள்ளித் தள்ளி விழுதுன்னா சோர்ஸ் மேப் போச்சுன்னு அர்த்தம், சோர்ஸ் மேப்ப ஆன் பண்ணி, கேஷ அழிச்சு, கவரேஜ் ஃபோல்டரயும் தூக்கிட்டு திரும்ப ஓட்டுங்க.

வி8லேர்ந்து இஸ்தான்புல்லுக்கோ திருப்பியோ மாறினாலும் எண் மாறும். வி8 ரன்டைம் தர்ற கணக்க எடுத்துக்கறாரு, இஸ்தான்புல் கோடுக்குள்ள கவுண்ட்டர் செருகி எண்ணறாரு, ரெண்டு பேரும் ஒத்துப்போகணும்னு எதிர்பார்க்காதீங்க. ரெண்டு ரிப்போர்ட்டயும் பக்கத்துல வச்சு ஒப்பிடறது வீண் வேலை.

இக்னோர் கமெண்ட் போட்டும் சிவப்பாவே இருக்கு

இந்த வரிய எண்ணாதேன்னு சொல்ற கமெண்ட்தான் இக்னோர் கமெண்ட், எந்த ப்ரொவைடரோ அந்த பேர்லதான் எழுதணும், வி8க்கு இஸ்தான்புல் இக்னோர் புரியணும்னு இல்ல. பேர் சரியா இருந்தும் எடுபடலைன்னா கமெண்ட்டே வழியில காணாமப் போயிருக்கும், ஈஎஸ்பில்ட் மாதிரி கருவிங்க டைப்ஸ்க்ரிப்ட்ட மாத்தும்போது கமெண்ட்ட உதிர்த்துடும், அட் ப்ரிசர்வ்னு சேர்த்து எழுதினா விட்டு வைக்கும்.

த்ரெஷோல்ட் ஃபெயில், பில்ட் மட்டும் பச்சை

த்ரெஷோல்ட்னா கவரேஜ் இதுக்குக் கீழ போனா ஃபெயில்னு நாம வைக்கற எல்லை. இது என் சொந்த அனுபவம். முன்னாடி இருந்த ஒரு டீம்ல டெஸ்ட் அவுட்புட்ட ஃபைல்லயும் சேமிக்கலாமேன்னு டெஸ்ட் கமாண்டுக்குப் பின்னாடி பைப் போட்டு டீ கமாண்ட சேர்த்தேன். ரெண்டு வாரம் எல்லா பில்டும் பச்சை, நாங்கல்லாம் நல்லா எழுதறோம்னு நினைச்சுக்கிட்டோம். பைப் போட்டா ஷெல் கடைசி கமாண்டோட எக்ஸிட் கோடத்தான் எடுத்துக்கும், டீ எப்பவும் 0ன்னு முடியும், முன்னாடி ஜெஸ்ட் கதறினது யாருக்கும் கேக்கல. ஸ்க்ரிப்ட்ல பைப்ஃபெயில் ஆப்ஷன செட் பண்ணணும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல ஷெல் பாஷ்னு வெளிப்படையா எழுதினா அது தானா வரும், எழுதாம விட்டா வராது.

ஜெஸ்ட் த்ரெஷோல்ட்ல இன்னும் ரெண்டு நுணுக்கம். மைனஸ் எண் குடுத்தா அது சதவீதம் இல்ல, மைனஸ் 10ன்னா விடுபட்டது 10க்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தம். ஒரு ஃபோல்டருக்குத் தனி த்ரெஷோல்ட் வச்சா அந்த ஃபோல்டர் குளோபல் கணக்குலேர்ந்து கழிஞ்சிடும். நல்லா டெஸ்ட் எழுதின ஃபோல்டருக்கு தனியா 95 வச்சோம், உடனே குளோபல் விழுந்துச்சு, காரணம் இதான்.

ஷார்ட் பிரிச்சு ஓட்டினா கவரேஜ் கால்வாசி ஆகுது

ஜெஸ்ட்ட 4 ஷார்டா, அதாவது டெஸ்ட்ட நாலு பங்கா பிரிச்சு தனித்தனியா ஓட்டினா, ஒவ்வொருத்தரும் ஓட்டினத மட்டும்தான் சொல்லுவாங்க, அங்கயே த்ரெஷோல்ட் வச்சா நாலு பேரும் ஃபெயில். ஷார்டுகள்ல த்ரெஷோல்ட்ட எடுத்துட்டு, ஜேசன் ரிப்போர்ட்டா வெளியிட்டு, கடைசி ஜாப்ல எல்லாத்தயும் ஒரு ஃபோல்டர்ல சேர்த்து என்ஒய்சிங்கிற கருவியால மெர்ஜ் பண்ணி அங்க செக் பண்ணுங்க. நாலு ஃபைலுக்கும் ஒரே பேர் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும், பேர்ல ஷார்ட் எண்ண சேருங்க.

மெர்ஜ் சரி, ஆனா அப்லோட் பண்ண இடத்துல ஃபைலே காட்டலைன்னா எல்கவ் ஃபைல (கவரேஜ் கணக்கு இருக்கற ஃபைல்) டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து எஸ்எஃப்னு ஆரம்பிக்கற வரிகள படிங்க. அதுல சோர்ஸ் ஃபைலோட பாத் இருக்கும். டாக்கருக்குள்ள ஓட்டிருந்தா ஆப்னு ஆரம்பிக்கற கண்டெய்னர் பாத் இருக்கும், ரிப்போல அப்படி ஒரு இடமே கிடையாது. எஸ்இடின்னு எழுதற செட் கமாண்ட்ல அந்த முன்பகுதிய வெட்டிடுங்க.

ஹீப் மெமரி போச்சு, இல்ல 137ன்னு செத்துப் போச்சு

137ன்னா 128ம் 9ம், அதாவது வெளியிலேர்ந்து யாரோ கில் பண்ணிட்டாங்க, கண்டெய்னர்ல பெரும்பாலும் மெமரி லிமிட்தான். மேக்ஸ் வொர்க்கர்ஸ 2ன்னு குறைங்க, கண்டெய்னருக்கு 2 சிபியு குடுத்திருந்தாலும் நோட் அடியில இருக்கற பெரிய மெஷினோட கோர் எண்ணிக்கைய பார்த்து அத்தனை வொர்க்கர கிளப்பியிருக்கலாம். ஹீப் எரர்னா (நோட் தனக்குன்னு வச்சுக்கற மெமரி தீர்ந்துபோச்சுன்னா) மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸ் கூட்டறது ஒரு வழி, ஆனா கண்டெய்னர் லிமிட்ட தாண்டி கூட்டினா ஹீப் எரர் போய் 137 வரும். ஜெஸ்ட் 29ல வொர்க்கர் ஐடில் மெமரி லிமிட்னு ஒண்ணு இருக்கு, ஒரு அளவுக்கு மேல வீங்கின வொர்க்கர மூடி புதுசு திறக்கும். கவரேஜோட ஓட்டினா எப்பவுமே கனம் கூடும், அதனால லோக்கல்ல எழுதும்போது கவரேஜ ஆஃப்லயே வைங்க.

100 சதவீதம், ஆனாலும் பக் வெளிய போச்சு

டெஸ்ட்ல எக்ஸ்பெக்ட் இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க. ஃபங்ஷன கூப்பிட்டாலே வரி ஓடினதா கணக்கு, சரியான பதில் வந்துச்சான்னு கவரேஜ் பார்க்கறதே இல்ல. எக்ஸ்பெக்ட் இருந்தும் நடக்கும்: ரிஜெக்ட்ஸ் முன்னாடி அவெயிட் விட்டிருப்பீங்க, ஃபார்ஈச்சுக்குள்ள அசிங்க் போட்டிருப்பீங்க, எக்ஸ்பெக்ட் ஓடறதுக்குள்ள டெஸ்ட் பாஸ்னு முடிஞ்சிருக்கும். எக்ஸ்பெக்ட் அசர்ஷன்ஸ்ல எண்ணிக்கைய எழுதி வச்சா, ஒண்ணு குறைஞ்சாலும் ஃபெயில் ஆகும்.

ஈஎஸ்லின்ட்டோட ஜெஸ்ட் ப்ளகின்ல எக்ஸ்பெக்ட் இல்லாத டெஸ்ட்ட காட்டிக்குடுக்க ஒரு விதி இருக்கு, ஆன் பண்ணுங்க. அதுக்கும் மேல சந்தேகம்னா ஸ்ட்ரைக்கர ஒரே ஒரு ஃபோல்டர் மேல ஓட்டிப் பாருங்க, அது உங்க கோட்ல பெரியதுங்கறத சிறியதுன்னு, கூட்டலக் கழித்தல்னு மாத்தி மாத்தி வச்சு டெஸ்ட் கத்துதான்னு பார்க்கும். முழு ப்ராஜெக்ட் மேல ஓட்டாதீங்க, மணிக்கணக்கா இழுக்கும், காசு கணக்கு, பெர்மிஷன் செக் மாதிரி தப்பினா வலிக்கற இடத்துல மட்டும் போதும். உயிரோட தப்பிச்ச மியூட்டன்ட் (எந்த டெஸ்ட்டும் கத்தாத மாற்றம்) பட்டியல் வரும், ஒவ்வொண்ணயும் திறந்து எந்த டெஸ்ட் கத்தியிருக்கணும்னு பார்த்து அங்க எக்ஸ்பெக்ட்ட சேருங்க.